தொழுகையும் நமாஸும்: மொழியும் சமயமும் சென்ற வழிகள்

தில்லியிலோ கொல்கத்தாவிலோ மும்பையிலோ வாழும் நம்மவர், ரமலான் மாதத்தில் கடைவீதியிற் செல்லும்போது இரண்டு சொற்களை அடிக்கடி கேட்டிருப்பர். ஒன்று ‘நமாஸ்’, மற்றொன்று ‘ரோஸா’. இறைவணக்கத்தை நமாஸ் என்றும், பகற்பொழுது முழுவதும் உண்ணாமலும் பருகாமலும் இருக்கும் விரதத்தை ரோஸா என்றும் அவ்வூர்களின் முஸ்லிம் மக்கள் வழங்குகின்றனர். அதே மாதத்தில் அதே கடமைகளை ஆற்றும் காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் நாகூராரும் ‘தொழுகை’ என்றும் ‘நோன்பு’ என்றும் கூறுகின்றனர். சாவகத் தீவின் முஸ்லிம்கள் நோன்பைப் ‘புவாசா’ என்பர்; அது ‘உபவாசம்’ என்னும் வடசொல்லின் திரிபு. இவ்வனைவருக்கும் மறை ஒன்றே. அம்மறையின் மொழி அரபு. அரபு மொழியிலோ வணக்கத்திற்குப் பெயர் ‘ஸலாத்’. நோன்பிற்குப் பெயர் ‘ஸவ்ம்’.

சமயம் ஒன்றாயிருக்க, அதன் தலையாய கடமைகளின் பெயர்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவானேன்? ஒரு சமயம் பரவும்போது அது பிறந்த மொழியும் அதனோடு பரவும் என்று நாம் பொதுவாக எண்ணிக்கொள்கிறோம். வரலாற்றை நோக்கின், இவ்விரண்டும் சில வேளைகளில் ஒன்றாகச் சென்றிருக்கின்றன. பல வேளைகளில் பிரிந்து சென்றிருக்கின்றன. எப்போது பிரிகின்றன, பிரிந்தபின் எது நிலைக்கிறது, எது அழிகிறது என்பதையே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம். பிறந்த மண்ணை விட்டு, மொழி வேறான மாநிலங்களிற் குடியேறி, அங்கே பிள்ளைகளை வளர்த்துவரும் நமக்கு இஃது ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சி அன்று.

முதலில் எகிப்து நாட்டிற்குச் செல்வோம். நைல் ஆற்றங்கரையில் வழங்கிய பண்டை எகிப்திய மொழி, கி.மு. 3000-ஆம் ஆண்டிற்கு முன்னரே எழுத்துருப் பெற்றுவிட்டது. கூர்நுனிக் கோபுரங்களை எழுப்பிய மன்னர்களும், அவர்களுக்குக் கல் சுமந்த குடிமக்களும் பேசிய மொழி அது. கி.மு. 332-இல் அலெக்சாந்தர் எகிப்தைக் கைக்கொண்டார். அன்று தொடங்கி அரண்மனையிலும் அலுவலகத்திலும் கிரேக்கமே கோலோச்சியது. கி.மு. 30-இல் உரோமர் ஆட்சி வந்த பின்னும் அந்நிலை மாறவில்லை. வரி கணக்கிடுவோர் கிரேக்கத்தில் எழுத, உழுவோரும் நெய்வோரும் எகிப்திய மொழியிற் பேசி வந்தனர்.

பின்னர்க் கிறித்தவ சமயம் எகிப்திற் பரவியது. நகரத்தாருக்குக் கிரேக்க மொழியில் மறை ஓதிய அச்சமயம், சிற்றூர்களுக்குச் சென்றபோது சிற்றூராரின் மொழியைக் கற்றது. கிரேக்க எழுத்துகளோடு பழைய எகிப்திய எழுத்துகள் ஆறேழினைச் சேர்த்துப் புதியதோர் எழுத்துமுறை அமைக்கப்பெற்றது. அவ்வெழுத்தில் எழுதப்பெற்ற எகிப்திய மொழியே காப்டிக் எனப்படுகிறது. விவிலியம் அதிற் பெயர்க்கப்பட்டது. துறவியர் மடங்கள் அதனை வளர்த்தன. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷெனூதே என்னும் மடத்தலைவர் அம்மொழியின் உரைநடைக்கு ஏற்றம் தந்தார். மறுபுறம், பழைய சித்திர எழுத்தில் நாமறியக் கிடைக்கும் கடைசிக் கல்வெட்டு, பிலே என்னும் தீவின் கோயிலில் கி.பி. 394-இற் பொறிக்கப்பட்டது. பழைய தெய்வங்களும் பழைய எழுத்தும் மறைந்தன. மொழியோ புதிய சமயத்தின் துணையால் புத்துயிர் பெற்றது.

கி.பி. 639-க்கும் 642-க்கும் இடையே அரபுப் படைகள் எகிப்தை வென்றன. மக்களை உடனே மதம் மாற்ற வேண்டும் என்ற முனைப்பு வென்றவர்களுக்கு இல்லை. மொழி மாற்றமும் உடனே நிகழவில்லை. 706-ஆம் ஆண்டளவில் அரசாங்கக் கணக்குகள் அரபு மொழிக்கு மாற்றப்பட்டன. அலுவல் நாடியோர் அரபு கற்றனர். அரபுக் குடிகள் வயலோரங்களிற் குடியேறி, உழவரோடு கலந்து வாழத் தலைப்பட்டனர். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல மக்கள் இஸ்லாத்தைத் தழுவினர். அவ்வாறு தழுவியோர்க்குக் காப்டிக் மொழி தாம் விட்டு வந்த திருச்சபையின் மொழியாகத் தோன்றியது. ஆகவே, சமயத்தோடு மொழியையும் விட்டனர்.

இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. மதம் மாறாமல் நின்ற கிறித்தவர்களாவது தம் மொழியைக் காத்தனரோ எனில், அவர்களும் காக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டில் ஸவீருஸ் என்னும் ஆயர், தம் சபையார்க்காக அரபு மொழியிலேயே நூல்கள் எழுதினார். தம் மக்கள் காப்டிக் மொழியை மறந்து வருவதை அவர் கண்முன்னே கண்டவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தலைமை ஆயர் இரண்டாம் கபிரியேல், அடிப்படையான மன்றாட்டுகளை மக்களுக்கு அரபு மொழியிற் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கற்றறிந்த காப்டிக் அன்பர்கள் விழித்துக்கொண்டனர். தம் முன்னோர் மொழிக்கு இலக்கணங்களும் சொற்றொகைகளும் இயற்றினர். அச்சொற்றொகைகளுக்கு ‘ஏணிகள்’ என்று பெயரிட்டனர். ஆனால், அவ்விலக்கணங்களும் ஏணிகளும் அரபு மொழியிலேயே எழுதப்பட்டன. பயில்வோர்க்கு விளங்கிய மொழி அதுவே. 1670-களில் எகிப்தைச் சுற்றிப் பார்த்த வான்ஸ்லெப் என்னும் ஜெர்மானியர், அம்மொழியை அறிந்த கடைசி மனிதர் என்று கூறப்பட்ட முதியவர் ஒருவரைக் கண்டதாக எழுதியிருக்கிறார்.

காப்டிக் அடியோடு அழிந்துவிட்டதா? இன்றும் எகிப்தின் காப்டிக் தேவாலயங்களில் வழிபாட்டின்போது அது ஒலிக்கிறது. எகிப்திய உழவர், முஸ்லிமாயினும் கிறித்தவராயினும், விதைப்பையும் அறுவடையையும் பழைய மாதப் பெயர்களைக் கொண்டே கணிக்கும் வழக்கம் உடையர். தூத் என்னும் மாதம் தோத்து என்ற பழந்தெய்வத்தின் பெயர். ஹாதூர் என்பது ஹாத்தோர் என்னும் பெண் தெய்வத்தின் பெயர். மூன்று சமயங்களைக் கடந்து அப்பெயர்கள் வயல்வரப்பில் நிலைத்துள்ளன. 1799-இற் கிடைத்த ரொசெட்டாக் கல்லைக் கொண்டு பண்டைச் சித்திர எழுத்தின் புதிரை 1822-இல் விடுவித்த பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன், காப்டிக் மொழியை முன்னரே கற்றிருந்தார். அவ்வறிவே அவருக்குத் திறவுகோலாயிற்று. இத்துணைப் பெருமை அம்மொழிக்கு உண்டு. எனினும், தாய் தன் குழந்தையை அதில் அழைப்பதில்லை. சந்தையில் விலை பேசுவோர் அதிற் பேசுவதில்லை. கோயில் காத்தது, வீடு காக்கவில்லை.

இனி ஈரான் நாட்டை நோக்குவோம். எகிப்தை வென்ற அதே தலைமுறையில் அரபுப் படைகள் ஈரானையும் வென்றன. 642-இல் நிகாவந்துப் போரில் ஈரானியர் தோற்றனர். 651-இற் கடைசிச் சாசானிய மன்னரான மூன்றாம் யஸ்தகிர்து மெர்வு நகரருகே கொல்லப்பட்டார். ஈரானியர் அதுவரை ஜரதுஷ்டிரர் வகுத்த சமயத்தைப் பின்பற்றி வந்தனர். அவர்களுள் மிகப் பலர் அடுத்த மூன்று நான்கு நூற்றாண்டுகளில் இஸ்லாத்தைத் தழுவினர். அலுவலகங்கள் அங்கும் அரபு மொழிக்கு மாறின. ஈராக்கில் 697-ஆம் ஆண்டளவிலும், கிழக்கே குராசானில் 742-ஆம் ஆண்டளவிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. வென்றவரும் அவரே, வந்த சமயமும் அதுவே, அலுவல் மொழியும் அதுவே. ஆயினும், இன்று எகிப்தியர் அரபு பேசுகின்றனர்; ஈரானியர் பாரசீகம் பேசுகின்றனர். இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று?

ஈரான் தொலைவிலுள்ள பரந்த நாடு. அரபுக் குடிகள் அங்கு அத்துணை நெருக்கமாகக் குடியேறவில்லை. எகிப்தியர் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தம் மொழியில் அரசோச்சும் மன்னரைக் கண்டதில்லை. ஈரானியரோ நேற்றுவரை கண்டிருந்தனர். ‘திஹ்கான்’ எனப்பட்ட நிலக்கிழார் குடும்பங்கள் முன்னோர் கதைகளைப் போற்றி வந்தன. இவையெல்லாம் காரணங்களே. எனினும், இவற்றினும் ஆழமான காரணம் மற்றொன்று உண்டு. பாரசீகம் ஒரு சமயத்தின் தனியுடைமையாக ஒதுங்கிவிடவில்லை. ஜரதுஷ்டிர சமயத்தாரும் அதனைப் பேசினர். இஸ்லாத்தைத் தழுவியோரும் அதனையே பேசினர். சமயம் மாறியவன் மொழியை மாற்ற வேண்டிய நிலை அங்கு எழவில்லை.

அதற்கு மேலும் ஒருபடி சென்றனர். புகாரா நகரின் வரலாற்றைப் பத்தாம் நூற்றாண்டில் எழுதிய நர்ஷகீ, அந்நகரத்தார் இஸ்லாத்தைத் தழுவிய தொடக்க நாட்களில் தொழுகையில் மறையைப் பாரசீக மொழியில் ஓதினர் என்கிறார். அரபுச் சொற்களாகிய ஸலாத்தும் ஸவ்மும் அவர்தம் நாவில் தங்கவில்லை. தம் பழைய சமயத்தில் வணக்கத்திற்கு வழங்கிய ‘நமாஸ்’ என்னும் சொல்லையே புதிய வணக்கத்திற்கும் வைத்தனர். நம் ‘நமஸ்’ என்னும் வடசொல்லுக்கு அஃது உடன்பிறப்பு. மன்னனைக் குறித்து வந்த ‘குதா’ என்னும் சொல் இறைவனைக் குறித்தது. இறைதூதர் ‘பைகம்பர்’ ஆனார். வானவர் ‘பிரிஷ்தா’ ஆனார். குராசானிலிருந்து நடு ஆசியாவிற்கும், துருக்கியரிடத்தும், நம் வட இந்தியாவிற்கும் இஸ்லாம் பெரும்பாலும் பாரசீகம் பேசுவோர் வாயிலாகவே சென்றது. ஆகவேதான், தில்லியில் நாம் கேட்பது ஸலாத் அன்று, நமாஸ். சொல்லைக் கேட்டே, சமயம் வந்த சாலையை நாம் அறிந்துகொள்ளலாம்.

பாரசீகம் தன்னை மாற்றிக்கொள்ள அஞ்சவில்லை என்பதும் கருதத்தக்கது. தன் பழைய எழுத்தைக் கைவிட்டு அரபு எழுத்தை மேற்கொண்டது. தன் ஒலிகளுக்குப் போதாத இடத்து நான்கு எழுத்துகளைப் புதியனவாகச் சேர்த்துக்கொண்டது. அரபுச் சொற்களை ஆயிரக்கணக்கில் ஏற்றுக்கொண்டது. ஈரானியர் அரபு மொழியையும் புறக்கணிக்கவில்லை. அம்மொழிக்குப் பேரிலக்கணம் வகுத்த சீபவைஹி என்பவரே ஈரானியர்தாம். பத்தாம் நூற்றாண்டிற் புகாராவிலிருந்து ஆண்ட சாமானி மரபு மன்னர்கள் பாரசீகப் புலவர்களைப் போற்றினர். ரூதகி அவர்கள் அவையில் விளங்கினார். தபரி என்னும் பேராசிரியர் அரபு மொழியில் எழுதிய வரலாறும் மறைவிளக்கமும் மன்னர் மன்சூர் காலத்திற் பாரசீகத்திற் பெயர்க்கப்பட்டன. மறைவிளக்கத்தைப் பெயர்க்கலாமோ என்று சமய அறிஞர்களைக் கேட்டு, அவர்தம் இசைவு பெற்ற பின்னரே அப்பணி தொடங்கியது. 1010-ஆம் ஆண்டிற் பிர்தௌசி, ஏறத்தாழ 50,000 ஈரடிகள் கொண்ட ‘ஷாநாமா’ என்னும் பெருங்காப்பியத்தை நிறைவு செய்தார். முஸ்லிமாகிய அப்புலவர், இஸ்லாத்திற்கு முந்திய தம் நாட்டு மன்னர்களின் கதையைப் பாடினார். எழுத்து மாறியது, சொற்கள் பெருகின, மொழி வாழ்ந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை, மும்பையில் வாழும் நம் அன்பர்கள் தம் அண்டை வீட்டிலேயே காணலாம். ஈரானில் இருந்தவர்களுட் சிலர், தம் பழைய சமயத்தை விட மனமின்றிக் கடல் கடந்து குசராத்துக் கரையை அடைந்தனர். அவர்களே பார்சிகள். 1600-ஆம் ஆண்டையொட்டி எழுதப்பெற்ற ‘கிஸ்ஸா-யி-சஞ்சான்’ என்னும் செய்யுள் நூல் அவர்கள் வருகையைப் பற்றிய மரபுச் செய்தியைக் கூறுகிறது. வந்தவர்கள் தம் தீயை அணையாமற் காத்தனர். வேள்வி முறையையும் மறைமொழியையும் காத்தனர். ஆனால், வீட்டில் குசராத்தி பேசத் தொடங்கினர். பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் நெர்யோசங்கு தவள் என்னும் அவர்தம் குரு, சமய நூல்களை வடமொழியிற் பெயர்க்க வேண்டியதாயிற்று. பின்னாளில் அவர்கள் குசராத்தியையே தம் மொழியாகக் கொண்டு வளர்த்தனர். 1822-இற் பர்துன்ஜி மர்ஸ்பான் என்னும் பார்சிப் பெரியார் தொடங்கிய ‘மும்பை சமாசார்’ என்னும் குசராத்தி நாளிதழ் இன்றும் வெளிவருகிறது.

ஈரானில் தங்கியவர் சமயத்தை மாற்றி மொழியைக் காத்தனர். இந்தியாவிற்குப் பெயர்ந்தவர் மொழியை மாற்றிச் சமயத்தைக் காத்தனர். ஒரே குடியின் இரு கிளைகள் இவை. இவருள் எவர் உண்மையான ஈரானியர் என்று வினவுதல் பொருந்தாது. மனிதர் நெருக்கடியில் எதைக் கையிற் பற்றிக்கொள்கின்றனரோ, அது நிலைக்கிறது. கை நழுவ விட்டதை மீண்டும் பெறுதல் அரிது.

தரைவழியை விட்டு இனிக் கடல்வழியைப் பார்ப்போம். சாவகத் தீவில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் போரோபுதூர் எனும் பௌத்தப் பெருங்கோயிலும் பிரம்பானான் எனும் சிவாலயமும் எழுந்தன. பழஞ்சாவக மொழியில் இராமாயணம் பாடப்பெற்றது. அம்மொழியின் எழுத்து, நம் பல்லவர் காலத்து எழுத்தின் வழிவந்தது. பின்னர் வணிகரோடு இஸ்லாம் வந்தது. சுமத்திராவில் பாசை நகரை ஆண்ட மலிக்குல் சாலிஹ் என்னும் சுல்தானின் கல்லறைக் கல் 1297-ஆம் ஆண்டினது. சாவகம் அதன்பின் படிப்படியாக இஸ்லாத்தைத் தழுவியது. இங்கும் படையெடுத்து வந்த அரபு மன்னர் எவரும் இலர். எனவே, மொழி மாறவில்லை. சமயமே மண்ணின் மொழியைக் கற்றது. துறக்கத்திற்குச் ‘சுர்கா’, நரகத்திற்கு ‘நெராக்கா’, சமயத்திற்கு ‘அகாமா’ என்ற பழஞ்சொற்களே நீடித்தன. குதூசு நகரில் 1549-இல் அமைந்த பள்ளிவாசலின் செங்கல் கோபுரம், பழைய கோயிலின் வடிவினது. 1633-இற் சுல்தான் அகுங்கு நாட்காட்டியைத் திருத்தியபோது இஸ்லாமியச் சந்திர மாதங்களை மேற்கொண்டார். ஆண்டின் எண்ணை மட்டும் பழைய சக ஆண்டின் தொடர்ச்சியாகவே விட்டுவைத்தார். முஸ்லிம் கலைஞர் நிழற்கூத்தில் பாண்டவர் கதையை இன்றும் நடத்துகின்றனர்.

நம் சோழமண்டலக் கரையிலும் பாண்டி நாட்டுக் கரையிலும் நிகழ்ந்தது இதனை ஒத்ததே. அரபு நாட்டுக் கலங்களோடு வந்த சமயம் தமிழிலேயே வேரூன்றியது. ‘பள்ளி’ என்பது முன்னர்ச் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்த சொல், அது பள்ளிவாசலாயிற்று. ‘நோன்பு’ என்பது சமணரும் நோற்றது, பாவை பாடிய மகளிரும் நோற்றது. அதுவே ரமலான் நோன்பாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப்புலவர், நபிகள் நாயகத்தின் வரலாற்றை ஐயாயிரத்திற்கு மேற்பட்ட செய்யுட்களிற் சீறாப்புராணமாகப் பாடியபோது, அரபு நாட்டின் வருணனையில் தமிழ்நாட்டு மழையையும் ஆற்றையும் நெல்வயலையும் அமைத்தார். 1726-இல் வீரமாமுனிவர் தேம்பாவணியை நிறைவு செய்தார். அவர்களுக்கு நெடுநாள் முன்னரே பௌத்தரின் மணிமேகலையும் சமணரின் சீவகசிந்தாமணியும் தோன்றியிருந்தன. பாரசீகத்தைப் போலவே தமிழும் ஒரு சமயத்தின் தனியுடைமையாக ஒடுங்கவில்லை. சமயந்தோறும் அதற்குப் புதிய நூல்கள் வாய்த்தன. எந்தச் சமயத்திற்கு மாறியவனும் தமிழை விட வேண்டியிருக்கவில்லை. தமிழ் நீண்டு வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து.

இதுகாறும் கூறியவை தாய்நாட்டில் வாழ்ந்த மொழிகளின் கதை. பெயர்ந்து சென்ற தமிழின் கதை என்ன? சுமத்திராவில் பரூசு என்னும் கர்ப்பூரத் துறையருகே 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழுவினர் பொறித்தது அது. சீன நாட்டின் சுவான்சௌ துறைமுகத்தில், குப்ளாய் கான் ஆண்ட காலத்தில், 1281-ஆம் ஆண்டு தமிழ் வணிகர் சிவபெருமானை எழுந்தருளச் செய்து தமிழிற் கல்வெட்டுப் பொறித்தனர். அதன் இறுதி வரி சீன எழுத்தில் உள்ளது. இன்று அவ்வூர்களில் அக்கற்கள் அன்றித் தமிழ் பேச எவரும் இலர். சுமத்திராவின் கரோ மக்களிடையே செம்பிரிங்கு என்னும் பெருங்குடியில் ‘சோலியா’, ‘பாண்டியா’ என்னும் உட்பிரிவுப் பெயர்கள் வழங்குகின்றன. அவை சோழ, பாண்டிய நாடுகளின் நினைவு என ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். பெயர் எஞ்சியது, பேச்சு எஞ்சவில்லை.

மலாக்கா நகரில் நம் நெஞ்சை இன்னும் நெருங்கிவரும் சான்று ஒன்று உளது. பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்காச் சுல்தான்கள் காலத்தில் வணிகத்திற்காகச் சென்ற தமிழர் சிலர், அந்நாட்டு மகளிரை மணந்து அங்கேயே தங்கினர். அவர்தம் வழியினர் மலாக்காச் செட்டிகள் எனப்படுகின்றனர். பொங்கலிடுகின்றனர், முன்னோர்க்குப் படையலிடுகின்றனர், 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலைப் போற்றி வருகின்றனர். சமயமும் சடங்கும் ஐந்நூறு ஆண்டுகளாக வழுவாமல் நிற்கின்றன. அவர்கள் வீட்டில் வழங்கும் மொழியோ, தமிழ்ச் சொற்கள் சில கலந்த மலாய். மலாய் மொழியிற் ‘கெடாய்’ என்றால் கடை. ‘கப்பால்’ என்றால் கப்பல். ‘மோடால்’ என்றால் வணிகத்திற்கு இடும் முதல். தமிழர் மலாய் மொழிக்குத் தம் சொற்களைக் கொடுத்தனர். தம் பேரப்பிள்ளைகளுக்குத் தம் மொழியைக் கொடுக்க இயலவில்லை.

மலாக்காச் செட்டிகளைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அவர்கள் கை நழுவவிட்டதும் ஒரு நாளில் அன்று. எவரும் அறிந்து விட்டதும் அன்று. காப்டிக் மொழியைப் போலவே, முதலில் அலுவலிலும், பின்னர்ச் சந்தையிலும், இறுதியில் அடுப்பங்கரையிலும் அது நீங்கியது. கோயில் ஒலி மட்டும் நின்றது. நாமும் நம் வீடுகளை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். மார்கழியிற் பாவைப் பாடல்களை இனிமையாகப் பாடும் சிறுமி, அவற்றை வேற்றெழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறாள். பொருள் கேட்டால் விழிக்கிறாள். ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதை அவள் இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ கூறுகிறாள். அவள் பாடுவது நமக்குப் பெருமையே. ஆனால், அவ்வளவோடு நாம் நிறைவுற்றுவிட்டால், எகிப்தியக் கோயில் காத்த அளவே நாமும் காத்தவராவோம்.

வேறு வகையாக வாழ்ந்தவரும் உளர். மதுரையிற் குடியேறிய சௌராட்டிரர், தமிழைச் சந்தையிலும் கல்வியிலும் தமதாக்கிக்கொண்டு, தம் பழைய மொழியை வீட்டில் பல நூற்றாண்டுகளாகப் பேசி வருகின்றனர். கன்னட நாட்டில் இராமாநுசர் காலத்தோடு தம் வருகையைச் சேர்த்துக் கூறும் மண்டயத்தாரும் ஹெப்பாரும் இன்றும் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். அத்தமிழிற் கன்னடச் சொற்கள் மிகுதி. நம் செவிக்குச் சில தொடர்கள் புதுமையாகத் தோன்றும். அதனை எள்ளி நகைப்பவரை நாம் கண்டிருக்கிறோம். ஆயின், பாரசீகத்தின் கதையை அறிந்தவர் நகைக்கமாட்டார். அயற்சொல் கலந்ததனால் பாரசீகம் அழியவில்லை. தூயதாகக் கோயிலில் வைத்துக் காத்ததனால் காப்டிக் வாழவும் இல்லை. பிழை நேரும் என்று அஞ்சிப் பிள்ளைகளைத் தமிழிற் பேசவிடாமல் திருத்திக்கொண்டே இருப்பதினும், பிழையோடு பேசவிடுதல் மேல்.

தாம் வாழும் மாநிலத்தின் மொழியை நம் பிள்ளைகள் நன்கு கற்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. சீபவைஹி அரபு மொழிக்கு இலக்கணம் வகுத்ததனால் பாரசீகத்திற்குக் கேடு விளையவில்லை. பார்சிகள் குசராத்தியை வளர்த்தமை அவர்களுக்கும் குசராத்திற்கும் பெருமையே. கற்றுக்கொள்ளும் மொழி எதுவாயினும் அது வரவு. இழப்பு நேர்வது, வீட்டின் பேச்சு நிற்கும்போதுதான். உணவு பரிமாறும்போதும், சினந்து கடியும்போதும், உறங்கவைக்கக் கதை கூறும்போதும் எம்மொழி எழுகிறதோ அம்மொழியே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. இவ்வேலையை எந்த அரசும் சங்கமும் நமக்காகச் செய்துவிட இயலாது.

தெருவில் நமாஸ் என்ற சொல்லை இனிக் கேட்கும்போது, அதனுள்ளே புகாராவின் உழவரும் நெசவாளரும் இருப்பதை நாம் நினைந்துகொள்வோம். புதிய இறைவணக்கத்தை மேற்கொண்ட நாளிலும், அதனைத் தம் அன்னையர் சொல்லால் அழைத்தவர் அவர். காயல்பட்டினத்தார் தொழுகை என்றதும் அவ்வாறே. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அச்சொற்கள் வழங்குகின்றன. ஏனெனில், அவற்றை ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் தம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்.